கதையாட்டத்துக்குத் தமிழில் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறை நெருங்குகிறது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர் இப்போது உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். 'டி அண்ட் டி' என்று சுருக்கிச் சொல்வார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட கதையாட்டம் இது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, வாய்ப்பேச்சிலேயே ஒரு மாயாஜாலக் கதையை நடத்திப் போவார்கள். நடக்குமா நடக்காதா என்று இழுபறியாகும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். ஆசைப்படுகிறவர்கள் நிறைய, ஆரம்பிக்கத் தெரியாமல் நிற்பவர்கள் அதைவிட நிறைய. அவர்களுக்குச் சில விவரங்களைச் சொல்லவும், உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவும் எழுதுகிறோம்.

முதல் தவறு கடையில் நடக்கிறது. ஆட்டத்தின் மூன்று தடிமனான விதிப் புத்தகங்களையும் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2024-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு மட்டுமே 384 பக்கம். அதை முழுக்கப் படித்துவிட்டு ஆடலாம் என்று எடுத்து வைத்தால் அடுத்த விடுமுறையும் போய்விடும். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பை அதன் உரிமையாளர்கள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவெளிக்கு விட்டுவிட்டார்கள். காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். மூலம் இன்னது என்று குறிப்பிட்டால் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் செய்யலாம். எங்கள் கோரிக்கை இதில்தான் நிற்கிறது, பின்னால் சொல்கிறோம். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த 2014 பதிப்பின்படி.

காசு போட வேண்டியது பகடைக்கு மட்டும். ஒரு தொகுப்பில் ஏழு இருக்கும்: நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது பக்கப் பகடைகள் ஒவ்வொன்றும், 00 முதல் 90 வரை பத்துப்பத்தாக எண்ணிட்ட இன்னொரு பத்துப்பக்கப் பகடையும். சாதாரண பிளாஸ்டிக் தொகுப்பு உணவங்காடியில் இரண்டு மூன்று வேளைச் சாப்பாட்டு விலைக்குள் கிடைக்கும். மேசைக்கு ஒரு தொகுப்பு போதும், ஆனால் இருபது பக்கப் பகடை மட்டும் ஆளுக்கொன்று இருந்தால் நல்லது, அதுவும் மற்றவற்றிலிருந்து வேறு நிறத்தில். எல்லாம் ஒரே நிறமென்றால் புதியவர் கை பன்னிரண்டு பக்கத்தை எடுத்து உருட்டிவிடும்; அவருக்கு அன்று முழுக்க ஏன் எதுவும் கைகூடவில்லை என்று யாருக்கும் விளங்காது. பகடையே இல்லையா, மைலோ டின்னில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். எடுத்த சீட்டை ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பெரிய எண்கள் தீர்ந்தபின் வருகிறவர் பாடு திண்டாட்டம்.

பகடை என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தருமர் நாட்டைத் தோற்றது நினைவுக்கு வரும். பணயம் எதுவும் இல்லை, தாயம் போலத்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தள மேசையில் ஆடுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் சண்டை வரைபடத்தின் 2.5 சென்டிமீட்டர் கட்டத்துக்குள் அளவெடுத்தாற்போல் உட்காரும் என்பது உண்மைதான், ஆனாலும் நாணயத்தைக் காயாக வைக்காதீர்கள். பகடையும் காசும் ஒரே மேசையில் கிடந்தால் போகிற வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆட்டக்காரர்களுக்குச் சோழி, எதிரிகளுக்குப் புளியங்கொட்டை. ஏ3 வரைதாளில் 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு இழுத்தால் பதினாறுக்குப் பதினொரு கட்டம் கிடைக்கும். ஒரு கட்டம் ஐந்தடி. ஒருவர் தம் முறையில் ஆறு கட்டம் நகரலாம்; ஒரு கிடங்குச் சண்டைக்கு அந்தத் தாள் தாராளம்.

ஆட்கள் நால்வர், கதை நடத்த ஐந்தாமவர். ஆறு பேர் ஆடினால் ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் எதிரிகளின் முறையும் சேர்ந்து கால்மணி நேரக் காத்திருப்பு. அந்தக் கால்மணி நேரத்தில் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடும். கதை நடத்துபவரை ஆங்கிலத்தில் டஞ்சன் மாஸ்டர் என்கிறார்கள். கூத்துப் பார்த்தவர்களுக்கு அவரை அடையாளம் தெரியும், கட்டியங்காரன்தான். களத்தை அறிமுகப்படுத்துவார், சில்லறைப் பாத்திரங்களை எல்லாம் தாமே பேசுவார், நடுவில் புகுந்து கேள்வி கேட்பார். இந்தக் கடிதத்தில் அவரைக் கட்டியங்காரர் என்றே வைத்துக்கொள்கிறோம்.

இனி பாத்திரத் தாள். ஆறு குணங்கள்: வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விழிப்பு, வசீகரம். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை விருப்பப்படி இவற்றுக்குப் பிரித்துக் கொடுங்கள். மனிதப் பாத்திரம் என்றால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வோர் எண்ணிலிருந்தும் பத்தைக் கழித்து, மீதியைப் பாதியாக்கி, அரை வந்தால் கீழே இறக்குங்கள். 16-க்குக் கூட்டல் 3, 13-க்குக் கூட்டல் 1, 9-க்குக் கழித்தல் 1. ஆட்டத்தில் பயன்படுவது இந்தச் சிறிய எண்தான். முதல் அமர்வில் நிச்சயம் ஒருவர் பகடையில் 9 விழுந்ததும் தாளில் உள்ள 16-ஐக் கூட்டி "இருபத்தஞ்சு!" என்று குதிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அச்சிட்ட தாள்கள் சிலவற்றில் 16-தான் கொட்டை எழுத்தில் இருக்கும். கையால் தாள் எழுதும்போது கூட்டல் 3-ஐப் பெரிதாகவும் 16-ஐ மூலையில் பொடியாகவும் எழுதினால் இந்தத் தொல்லை வராது.

பாத்திரத்தின் தொழிலை வகுப்பு என்பார்கள். அப்படிப் பன்னிரண்டு இருக்கின்றன. புதியவர்களுக்குப் போர்வீரன் அல்லது கள்வன். மந்திரவாதிதான் எல்லாரையும் இழுப்பான், ஆனால் முதல் நிலையிலேயே, அதாவது பாத்திரம் தொடங்கும் படியிலேயே, அவன் கையில் மூன்று சிறு மந்திரங்கள், ஏட்டில் ஆறு மந்திரங்கள், அவற்றைப் பயன்படுத்த நாளுக்கு இரண்டே வாய்ப்பு, எதை இன்றைக்குத் தயார் செய்வது என்ற கணக்கு வேறு. வாசிக்கச் சலிக்காத ஒருவர் மேசையில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

விதி என்று மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று. இருபது பக்கப் பகடையை உருட்டி, உரிய சிறு எண்ணைக் கூட்டி, இலக்கெண்ணை எட்டினால் வெற்றி. எளிய காரியத்துக்கு இலக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20. பாத்திரம் பழகிய வேலை என்றால் முதல் நிலையில் இன்னும் 2 கூட்டலாம். தோழர் கைகொடுத்தால் சாதகம், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. பகடையில் 11 தேவைப்படும் இடத்தில் வாய்ப்பு நூற்றுக்கு 50-இலிருந்து 75 ஆக ஏறும். புதியவர்கள் மறந்துவிடுவது இந்தச் சாதகத்தைத்தான். ஆளாளுக்குத் தனித்தனியே உருட்டித் தோற்றுக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது சண்டை. ஆட்டம் பெரும்பாலும் முறிவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். கட்டியங்காரர் புதியவர் என்றால், ஆட்டக்காரர்கள் நாலு பேர், எதிரியும் நாலு கோப்ளின் இருக்கட்டும் என்று போடுவார். கோப்ளின் குள்ளப் பிசாசு வகை. குட்டிச்சாத்தான் என்று பெயர் மாற்றினாலும் ஒரு எண்ணும் மாறாது. அதற்கு உயிர்ப்புள்ளி (அடிபட அடிபடக் குறையும் எண்) 7, காப்பு எண் (அதன்மேல் அடி பட எட்ட வேண்டிய இலக்கு) 15, தாக்கினால் கூட்டல் 4, பட்டால் எதிராளிக்குப் போகும் புள்ளி ஆறு பக்கப் பகடையோடு 2. பார்க்க அற்பமாகத் தெரியும். கூட்டல் 3 வலிமையும் பழக்கத்துக்குக் கூட்டல் 2-ம் உள்ள போர்வீரன் அதை வெட்ட வேண்டுமானால் பகடையில் 10 அல்லது மேலே விழ வேண்டும், வாய்ப்பு நூற்றுக்கு 55. பட்டபிறகும், நெடுவாளுக்கு எட்டுப் பக்கப் பகடையோடு 3 என்பதால், 4-க்குக் குறைவாக விழுந்தால் அது சாகாது. சராசரியாக மூன்று வீச்சில் ஒன்றுதான் ஒன்றை வீழ்த்தும். மறுபக்கம், கவசமில்லாத மந்திரவாதியின் காப்பு எண் 12, உயிர்ப்புள்ளி 8. கோப்ளின் வாள் அவன்மேல் படும் வாய்ப்பு நூற்றுக்கு 65. பகடையில் ஆறு விழுந்தால் ஒரே வெட்டில் கீழே சரிவான். நாலும் அவனையே குறிவைத்தால் ஒரு சுற்றில் சராசரியாக 14, 15 புள்ளி போகும். இரும்பு வளையக் கவசமும் கேடயமும் சேர்த்துக் காப்பு எண் 18 வைத்திருக்கும் போர்வீரன் பக்கத்திலேயே நின்றிருப்பான், அவனை யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள்.

இது பகடையின் கோளாறு அல்ல. விதித்தொகுப்பை ஒட்டிய 2014 கணக்கின்படி, முதல் நிலையில் நால்வருக்கு எதிரே நாலு கோப்ளின் என்றால் 'உயிருக்கு ஆபத்து' வகையிலேயே சேரும். மூன்று என்றால் கடினம். இரண்டுதான் எளிது. எதிரி ஒன்று கூடும்போது அதன் உயிர்ப்புள்ளி மட்டுமா கூடுகிறது? சுற்றுக்கு ஒரு தாக்குதலும் கூடுகிறது, அதனால் ஆபத்து நேர்க்கோட்டில் ஏறுவதில்லை. முதல் அமர்வுக்கு இரண்டு போதும். மூன்றாவதைக் கதவுக்குப் பின்னால் வைத்திருங்கள். சண்டை சப்பென்று போனால் உள்ளே விடலாம், போகாவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியப்போவதில்லை. பாத்திரம் ஒன்று உயிர்ப்புள்ளி 0-க்கு வந்தாலும் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் கூட்டல் கழித்தல் இல்லாமல் இருபது பக்கம் உருட்ட வேண்டும்: 10-ம் மேலும் பிழைப்புப் பக்கம், கீழே என்றால் சாவுப் பக்கம், எது முதலில் மூன்று சேர்கிறதோ அது. சரியாக 20 விழுந்தால் ஒரு புள்ளியோடு எழுந்துவிடலாம், 1 விழுந்தால் சாவுப் பக்கத்தில் இரண்டு. மேசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது இந்த உருட்டலைத்தான். இது தெரியாத கட்டியங்காரர் "செத்துட்டீங்க, தாளைக் கொடுங்க" என்று வாங்கி வைத்துவிட்டால், விடுமுறைக்கு அந்த ஆட்டக்காரர் திரும்பி வர மாட்டார்.

கதைக்கு என்ன செய்வது? உலக வரைபடம், அரச பரம்பரை என்று நாற்பது பக்கம் எழுதி வைக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் எதிர்த்திசையில் நடந்துவிடுவார்கள். மூன்று காட்சி போதும். நம் ஊரிலேயே விதை கிடக்கிறது. 1819-இல் சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் கண்டுபிடித்த 'சிங்கப்பூர்க் கல்', சுமார் ஐம்பது வரி எழுத்து, இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. 1843-இல் ஆற்றுவாயை அகலப்படுத்த வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. காணாமல்போன துண்டுகளில் ஒன்று இரவில் முணுமுணுக்கிறது என்று வையுங்கள், கதை ஓடத் தொடங்கிவிடும்.

முதல் காட்சி படகுத்துறை. துண்டு எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது கிழப் படகுக்காரருக்குத் தெரியும். மேசையில் அது இப்படி நடக்கும்:

"படகுக்காரர் உங்களைப் பாத்ததும் வலையை மடிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிறாரு. என்ன செய்றீங்க?"

"நான் பக்கத்துல உக்காந்து, 'அண்ணே, உங்க பேரு எங்கேயும் வராது, இடத்தை மட்டும் சொல்லுங்க'ன்னு கேக்குறேன்."

"சரி, வசீகரம் உருட்டுங்க."

பகடையில் 11, கூட்டல் 3, மொத்தம் 14. இலக்கு 15. ஒன்று குறைகிறது. இங்கே புதிய கட்டியங்காரர் "சொல்ல மாட்டேங்கிறாரு" என்பார், கதை அங்கேயே படுத்துவிடும். கிடங்கு எது என்று தெரியாமல் நால்வரும் துறையிலேயே அரை மணி நேரம் சுற்றுவார்கள். படகுக்காரர் சொல்லட்டும். ஆனால் தூணுக்குப் பின்னால் ஒருவன் ஒட்டுக்கேட்டுவிட்டு ஓடட்டும். தோல்விக்கு ஒரு விலை வையுங்கள், வழியை அடைக்காதீர்கள். கதை நகர்ந்தே தீர வேண்டிய இடத்தில் பகடையை எடுக்கச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாம் காட்சி, நீரேறும் கிடங்கு. பூட்டை லாவகமாகத் திறக்க 15, கதவை உடைக்க வலிமையில் 15 (சத்தம் கேட்கும்), வாய்க்கால் வழியே நீந்தி நுழைய 10. தோற்கும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரு சாண் ஏறும். ஆட்டக்காரர்கள் நாலாவதாக ஒரு வழி சொல்வார்கள், அதற்கும் ஒரு இலக்கெண் வைத்து உருட்ட விடுங்கள். மூன்றாம் காட்சியில் அந்த இரண்டு குட்டிச்சாத்தான்களும் முணுமுணுக்கும் கல்லும். தாள் எழுத அரை மணி நேரம், முதல் காட்சிக்கு அரை மணி, இரண்டாவதற்கு நாற்பது நிமிடம், சண்டைக்கு ஐம்பது, நடுவே தேநீர் என்று மூன்று மணி நேரத்தில் முடியும். தொடக்கநிலைப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் தாளைப் பெரியவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு இரண்டாம் காட்சியைச் சுருக்கலாம். தொடங்கும் முன் எது வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேய்க்குப் பயப்படுகிற பிள்ளை இருந்தால் கல் முணுமுணுக்காமல் மினுங்கட்டும். மிக்சருக்குக் கரண்டி வையுங்கள், எண்ணெய்க் கை பட்ட தாளில் பென்சில் எழுதாது.

மொழியைப் பற்றி. விதியெல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் கூடினாலும் ஆட்டம் முழுக்க ஆங்கிலத்தில்தான் போகிறது. கலைச்சொல் அகராதி போட்டுவிட்டுத்தான் தமிழில் ஆட வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எண் சம்பந்தப்பட்ட பத்துப் பன்னிரண்டு சொல் எந்த மொழியில் இருந்தால் என்ன? பாத்திரம் பேசுவது தமிழில் இருந்தால் சரி. பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் என்று நமக்கு இரண்டு இருப்பது பிள்ளைகளுக்குப் பாடத்தில் சுமை, இந்த மேசையில் அதுவே வசதி. படகுக்காரர் பேச்சுத்தமிழில் பேசுவார். கல்லுக்குள் இருக்கும் பழைய அரசனின் ஆவி "யார் அங்கே? எதன்பொருட்டு வந்தீர்?" என்று தொடங்கும். குரலை மாற்றி நடிக்கத் தேவையே இல்லை, வினைமுற்று மாறினாலே ஆள் மாறிவிட்டது தெரியும். வாய்மொழித் தேர்வுக்குப் படத்தைக் காட்டி "என்ன பார்க்கிறாய், சொல்" என்றால் இரண்டு வாக்கியத்தோடு நிற்கிற பிள்ளை, பூட்டைத் தான் ஏன் உடைக்கக்கூடாது என்று வாதாட ஆரம்பித்தால் அவ்வளவு சீக்கிரம் நிறுத்தாது. ஆனால் இலக்கணம் திருத்தப் புகுந்துவிடாதீர்கள், ஆட்டம் துணைப்பாட வகுப்பாகிவிடும், அடுத்த வாரம் மேசை காலி.

நாள் ஒத்துவராததுதான் இங்கே பெரிய எதிரி, குட்டிச்சாத்தானெல்லாம் அப்புறம். ஒருவருக்குத் துணைப்பாடம், ஒருவருக்குத் தேசிய சேவை, ஒருவருக்கு ஷிஃப்ட் வேலை. மாதக்கணக்கில் நீளும் தொடர்கதையோடு தொடங்காமல் ஒரே அமர்வில் முடிகிற கதைகளாக ஆடுங்கள். நால்வரில் மூவர் வந்தால் ஆட்டம் நடக்கும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோரிக்கை. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைக்கு இணையத்தில் எல்லாம் கிடைக்கிறது. தமிழில் ஆட நினைக்கும் குடும்பத்துக்கு, தாத்தா பாட்டியையும் மேசைக்கு அழைக்க நினைக்கும் வீட்டுக்கு, கையில் பிடிக்க ஒரு தாள் வேண்டும். விதித்தொகுப்பின் உரிமம் இடம் கொடுக்கிறது. ஆட்டத்தின் வணிகச் சின்னத்தைப் போடாமல், மூலத்தைக் குறிப்பிடும் உரிம வாசகத்தை அடியில் சேர்த்தால் போதும். உங்கள் மாணவர் பக்கத்தில் விடுமுறைக்கு முந்திய வாரம் அரைப்பக்கம் ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறோம். மேலே பாதியில் விதி: ஆறு குணம், கழித்துப் பாதியாக்கும் கணக்கு, 10-15-20 இலக்கு, சாதகம், சாவு உருட்டல். கீழ்ப்பாதியில் எழுதி முடித்த நாலு பாத்திரங்கள், வெட்டி எடுத்துக்கொள்ளும் அளவில், கூட்டல் எண் பெரிதாகவும் குண எண் பொடியாகவும். சாகசத்தை அந்தப் பக்கத்தில் போட வேண்டாம். ஆட்டக்காரர்களும் நாளிதழ் படிப்பார்கள், கிடங்கில் எத்தனை பேர் பதுங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துபோகும். அதை அடுத்த பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டு, 'கட்டியங்காரர் மட்டும் படிக்கவும்' என்று மேலே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கதையாட்டம் ஆடும் வாசகர்கள் சிலர்,
செங்காங்